தொண்ணூறாவது நிமிடத்தில் முடிந்த ஃபைனல்

2022 டிசம்பர் 18. கத்தாரின் லுசைல் மைதானத்தில் மெஸ்ஸி உலகக் கோப்பையைத் தூக்கினார். ஆனால், பிரிட்டன் பந்தயக் கடைகளின் கணக்குப்படி அந்த மேட்ச் டிரா!

விளையாட்டில்லை, நிஜம். அங்கே ஃபுட்பால் மேட்சின் முடிவு மீது பணம் கட்டினால், கணக்கு 90 நிமிடத்தோடும், நடுவர் கூட்டித் தரும் சில நிமிடங்களோடும் சரி. எக்ஸ்ட்ரா டைம் சேராது. பெனால்ட்டி ஷூட் அவுட்டும் சேராது. 80-வது நிமிடம் நெருங்கும்வரை 2-0 என்று அர்ஜென்டினா நிம்மதியாக இருந்தது. எதிரணியான பிரான்ஸின் எம்பாப்பே கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு கோல் போட்டார். 90 நிமிடம் முடிந்தபோது 2-2. 'அர்ஜென்டினா ஜெயிக்கும்' என்று கட்டிய சீட்டு அந்த நொடியே செத்தது. 'கோப்பையை வெல்லும்' என்ற வேறொரு பந்தயத்தில் கட்டியவருக்குத்தான் காசு. எம்பாப்பே ஹாட்ரிக் அடிப்பார் என்று கணித்தவர் கதி இன்னும் பரிதாபம். மூன்றாவது கோல் விழுந்தது 118-வது நிமிடத்தில். பெரும்பாலான கம்பெனிகளில் அது கணக்கிலேயே வராது.

சண்டை தொடங்குவது இங்கேதான். கட்டுகிறவர் மனதில் இருப்பது ஆட்டம். புக்கியின் கையில் இருப்பது விதிப்புத்தகம். அதிலும் கடைக்குக் கடை வித்தியாசம். டென்னிஸில் ஒருவர் காயத்தால் பாதியில் விலகினால், ஒரு செட் முடிந்திருந்தாலே ஒரு கம்பெனி பணம் தரும். ஆட்டம் முழுதாக முடியவில்லை என்று இன்னொன்று கட்டிய காசைத் திருப்பித் தரும்.

எனக்கு எரிச்சலூட்டுவது 'வெளிப்படையான பிழை' என்ற விதி. கம்பெனி விகிதத்தைத் தப்பாகக் காட்டிவிட்டால், அந்தக் கணக்கில் பணம் தரமாட்டேன் என்று சொல்ல அது இடம் கொடுக்கிறது. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்தது இது. டென்வர் பிராங்கோஸ் அணி ஜெயிக்கும் என்று ஃபேன்டூயல் பந்தயக் கம்பெனியின் கவுன்ட்டரில் 110 டாலர் கட்டினார் ஒருவர். ஆட்டம் முடியும் தறுவாய். டென்வர் ஜெயிக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் திரையில் விகிதம் 750-க்கு 1 என்று காட்டியது. சீட்டில் அச்சான தொகை 82,610 டாலர். டென்வரும் ஜெயித்தது. போய்க் கேட்டால், கம்ப்யூட்டர் கோளாறு என்று கைவிரித்தார்கள். 500 டாலரும் சில மேட்ச் டிக்கெட்டுகளும் தருவதாகச் சமாதானம் பேசினார்கள். செய்தி ஊரெல்லாம் பரவிய பிறகே முழுத் தொகையும் வந்தது. சரி, வாடிக்கையாளரின் விரல் தவறி ஒரு பூஜ்யம் கூடிவிட்டால்? அந்தப் பிழைக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது!

பிரிட்டனில் நெடுங்காலம் இதற்கெல்லாம் கோர்ட்டு வாசலையே மிதிக்க முடியவில்லை. பந்தயக் கடனை வழக்குப் போட்டு வசூலிக்க 1845-ம் ஆண்டுச் சட்டம் வழி விடவில்லை. (நம் நாட்டு 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவும் அதே ஜாதிதான்.) 2005-ல் வந்த சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபிறகே கதவு திறந்தது. சின்ன வழக்குகளைப் பஞ்சாயத்து பண்ண ஐபாஸ் என்ற அமைப்பு 1998 முதல் இருக்கிறது. ஆனால் அதுவும் கம்பெனி எழுதிவைத்த விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் தீர்ப்பு சொல்லும். அந்த விதியே நியாயமா என்று கேட்க கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.

அப்படிப் போனார் ஒருவர். 2018 ஜனவரியில் பெட்ஃப்ரெட் கம்பெனியின் ஆன்லைன் பிளாக்ஜாக்கில் அவருக்கு 17 லட்சம் பவுண்டு விழுந்தது. சீட்டாட்டம்தான், ஆனாலும் சாக்கு அதே சாக்கு. மென்பொருள் கோளாறு, விதியில் போட்டிருக்கிறோம், பணம் கிடையாது. 60,000 பவுண்டு தருகிறோம், வெளியே பேசாதீர்கள் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. நீண்ட விதிகளுக்குள் புதைந்துகிடந்த வாசகம் அவரைக் கட்டுப்படுத்தாது, அது தெளிவாகவும் இல்லை என்று 2021 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 'ஏற்கிறேன்' என்ற பட்டனை அவர் அழுத்தியிருந்தார்தான். அது போதாது என்றார் நீதிபதி.