வெளுத்ததெல்லாம் பினாயில்

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது, தெரிந்த தலைமையாசிரியர் ஒருவரோடு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, லேபிள் இல்லாத ஒரு கேனிலிருந்து இரண்டு சொட்டு பினாயில் விட்டார். தண்ணீர் பால்போல வெளுத்தது. "பாருங்க சார், எப்படி வெளுக்குது! இதுதான் சரக்கு" என்றார். சார் நான்கு கேன் எடுத்துக்கொண்டார். பிறகு ஆசிட், பிளீச்சிங் பவுடர், அந்துருண்டை, சாக்பீஸ். பத்து நிமிடத்தில் ஒரு பள்ளியின் அரையாண்டுத் தூய்மை ஆட்டோவில் ஏறிவிட்டது.

அந்த டம்ளர் வித்தையில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அது காட்டுவது வேறு. பினாயிலில் எண்ணெயும், அதை நீரோடு சேர்த்துவைக்கும் சோப்பு போன்ற ஒரு பொருளும் இருக்கின்றன. நீரில் விழுந்ததும் எண்ணெய் நுண்துளிகளாக உடைகிறது. துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. பால் வெள்ளையாக இருப்பதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். கிருமி சாகுமா என்ற கேள்விக்கு அந்த வெண்மையில் பதில் இல்லை. அதை அளக்க 1903-லேயே ரிடியல், வாக்கர் என்ற இருவர் ஒரு சோதனையை வகுத்தார்கள். டைபாய்டு கிருமியைக் கொல்வதில் ஒரு கிருமிநாசினி கார்பாலிக் அமிலத்தைவிட எத்தனை மடங்கு வலுவானது என்பதை அது ஓர் எண்ணாகச் சொல்லும். பினாலிக் வகைக் கிருமிநாசினிகளுக்கான நம் ஐ.எஸ். 1061 தரநிலை இந்த எண்ணை வைத்துத்தான் தரம் பிரிக்கிறது. லேபிளே இல்லாத கேனில் அந்த எண்ணை எங்கே போய்த் தேடுவது?

பினாயிலைவிட எனக்கு பயம் அந்த ஆட்டோவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பொருட்கள்மீதுதான். கழிவறைக்கு வாங்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். மஞ்சள் கறை போகவில்லையே என்று ஆசிட் ஊற்றிய தரையில் தூய்மைப் பணியாளர் பவுடரையும் தூவினால், இரண்டும் சேர்ந்து குளோரின் வாயுவைக் கக்கும். முதல் உலகப் போரில் 1915-ல் ஈப்ர போர்முனையில் வீரர்களைக் கொன்ற அதே வாயு. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மேலே எழும்பிப் போகாமல் தரையோடு தங்கும். நம் பள்ளிக் கழிவறைகளில் ஜன்னல் என்பது பெரும்பாலும் உச்சியில் இருக்கும் ஒரு துவாரம். குனிந்து தேய்ப்பவரின் மூக்கோ தரைக்கு ஒரு முழ உயரத்தில். அடுத்து உள்ளே ஓடிவரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கும் அதிக உயரத்தில் இல்லை. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை இழுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளீச்சிங் பவுடருக்கு இன்னொரு குணமும் உண்டு. மூட்டையைப் பிரித்துவிட்டால், நம் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அதன் குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால், கடைசி இரண்டு மாதம் தூவுவது பெரும்பாலும் சுண்ணாம்புதான். அமைச்சர் வரும்போது சாலையோரம் கோலம்போல் போடுகிறார்களே, அதற்கு அது போதும்.

பொருளை வாங்கும் இடத்திலேயே இந்த ஆபத்துகளைத் தடுக்கலாம் என்று காட்டியது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம். அங்கே 2005-ல் வந்த சட்டப்படி, 2006 செப்டம்பரிலிருந்து பள்ளிகள் தரை, கண்ணாடி, கழிவறை கழுவும் பொருட்களையும் கைச்சோப்பையும் உடல்நலத்துக்கும் சூழலுக்கும் குறைந்த கெடுதல் தரும் வகையில்தான் வாங்க வேண்டும். எது அந்த வகை என்று தலைமையாசிரியர் வேதியியல் படித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பட்டியலை அரசே தருகிறது. 2007-ல் இல்லினாய் மாநிலமும் இதேபோல் சட்டம் கொண்டுவந்தது. செலவு கூடினால் அதை எழுத்தில் தெரிவித்துவிட்டு விலகிக்கொள்ள அங்கே வழி வைத்தார்கள். நியூயார்க் பட்டியலில் கிருமிநாசினிகள் சேரவில்லை. அமெரிக்காவில் அவை பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வருபவை. கிருமிநாசினியைப் பூச்சி மருந்தின் வரிசையில் வைக்கும் அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது. பூச்சி மருந்தை யாரும் வாசனைக்காகத் தெளிப்பதில்லை.

நம்மிடமும் ஒரு முத்திரை உண்டு. 1991-ல் மத்திய அரசு 'ஈகோமார்க்' என்று மண்பானைச் சின்னம் ஒன்றைக் கொண்டுவந்தது. சோப்பு, டிடர்ஜென்ட், காகிதம், பெயின்ட் என்று பல பொருட்களுக்கு அது உண்டு. பானையைக் கடையில் பார்த்தவர்கள்தான் அரிது. 2024-ல் புதிய விதிகளோடு மறுபடி அடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள். வேகட்டும். அதுவரை கடையில் கேட்க வேண்டியது எளிது: லேபிள் இருக்கிறதா, உள்ளே என்ன என்று எழுதியிருக்கிறதா, ஒரு வாளிக்கு எவ்வளவு ஊற்றச் சொல்கிறார்கள்?

கடைசிக் கேள்விதான் காசு மிச்சம் பிடிக்கும். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: 150 ரூபாய்க்கு 5 லிட்டர் கேன், வாளிக்கு அரை லிட்டர் ஊற்றினால் பத்து வாளி, வாளிக்கு 15 ரூபாய். அதே அளவு அடர்கரைசல் 600 ரூபாய் என்றாலும், வாளிக்கு 50 மில்லி ஊற்றினால் நூறு வாளி; வாளிக்கு 6 ரூபாய். சமக்ர சிக்ஷா பள்ளி மானியத்தில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைக்கு என்று விதி இருக்கிறது. அதைச் செலவிடும்போது கேன் விலையைப் பார்ப்பவர்கள் வாளி விலையைப் பார்ப்பதில்லை.

அந்துருண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாப்தலின் உருண்டை எதையும் சுத்தம் செய்வதில்லை, ஒரு நாற்றத்தை இன்னொன்றால் மூடுகிறது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தை ஓர் உருண்டையை விழுங்கிவிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். பார்க்க மிட்டாய்போல வேறு இருக்கிறது. இதைப் பட்டியலிலிருந்து அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இயற்கைப் பொருள் என்றாலே சாது என்றும் நினைக்க வேண்டாம். பூந்திக்கொட்டைக் கரைசல் அழுக்கை நன்றாகவே எடுக்கும், அதிலுள்ள சபோனின் நிஜமான நுரைப்பொருள். ஆனால் கண்ணில் பட்டால் எரிந்து தள்ளும், கிருமிநாசினியாகவும் அதை நம்ப முடியாது. வகுப்பறைத் தரைக்குப் பெரும்பாலான நாட்களில் கிருமிநாசினியே தேவையில்லை. சோப்புத் தண்ணீரும் நன்றாகப் பிழிந்த மாப்பும் போதும். வாந்தி, மலம் பட்ட இடத்துக்குத்தான் கிருமிநாசினி வேண்டும். அங்கேயும் முதலில் அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு ஊற்றிச் சில நிமிடம் விட வேண்டும். அழுக்கின்மேல் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

இதையெல்லாம் கேட்ட தலைமையாசிரியர் அடுத்த முறை ஆசிட்டையும் அந்துருண்டையையும் அடித்துவிட்டு, வாசனை சேர்க்காத சோப்புக் கரைசல் வாங்கினார். ஒரு வாரம் கழித்துப் போனபோது ஆயம்மா வராந்தாவில் வாளியோடு நின்று அவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்: "மணமே இல்ல சார். நான் கழுவினேன்னு யார் நம்புவாங்க? போன மாசம் வந்த ஆபீசரம்மாகூட உள்ள வந்ததும் மோந்துதான் பார்த்தாங்க."

சார் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு கோடு போட்ட தாளைக் கழிவறைக் கதவில் ஒட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார். கழுவிய நேரம், கையெழுத்து. ஆயம்மா வாளியைக் கீழே வைத்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: காலை 9.10.