புது காருக்கு முதல் செலவு எது?

வேகத்தின் இலக்கணம் – 12

புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்குக் கை சும்மா இருக்காது. சாவி கைக்கு வந்த வாரமே சைலன்சர், ஏர் ஃபில்டர், தாழ்வான ஸ்பிரிங், அகல ரிம், பின்னால் ஒரு விங் என்று பட்டியல் வளரத் தொடங்கிவிடும். இரண்டு கதவு கூப்பே கார்கள் பிறந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அப்படி ஒரு காரை வாங்கி ஆட்டோகிராஸ் மைதானத்துக்கும் ரேஸ் டிராக்குக்கும் கொண்டுபோக நினைப்பவர் முதலில் எதற்குச் செலவு செய்ய வேண்டும், எதில் கை வைக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை நிறுத்துவதற்கும், தரையைப் பிடிப்பதற்கும் முதலில் பணம் போக வேண்டும். என்ஜினுக்குக் கடைசியில்தான். ஏன் என்று பார்க்க, அமெரிக்காவின் வார இறுதி மைதானங்களில் தவறாமல் கண்ணில் படும் ஒரு காரையே எடுத்துக்கொள்வோம்.

ஒல்லி டயரின் நோக்கம்

டொயோட்டாவும் சுபாருவும் கூட்டாக உருவாக்கி 2012-ல் விற்பனைக்கு விட்ட கார் டொயோட்டா 86. சுபாரு இதையே பிஆர்இசட் என்று விற்றது. அமெரிக்காவில் டொயோட்டாவின் கார் முதல் சில ஆண்டுகள் சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் வந்தது. டொயோட்டா தரப்பில் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா. என்ஜின் முன்னால் இருக்கும், தள்ளுவது பின்சக்கரங்கள். பிஸ்டன்கள் படுத்தவாக்கில் இயங்கும் பாக்ஸர் என்ஜின் என்பதால் காரின் கனம் தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். 2 லிட்டர் கொள்ளளவு, அமெரிக்காவில் 200 குதிரைத் திறன்.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், டயரை மட்டும் 215 மில்லிமீட்டர் அகலத்தில், மிஷெலின் பிரைமசி என்ற சாதாரண ரகத்தில் போட்டார்கள். பெட்ரோல் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் காருக்குப் போடும் டயரை ஸ்போர்ட்ஸ் காருக்கா போடுவது என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அது தெரிந்தே செய்தது. டயரின் பிடிமானம் குறைவாக இருந்தால், கார் வழுக்கத் தொடங்கும் எல்லை குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். மூக்கு வெளியே ஓடுவதும் வால் வெளியே வீசுவதும் எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி அடங்குகிறது என்பதை உயிருக்கு ஆபத்தில்லாத வேகத்தில் ஓட்டுபவர் கற்றுக்கொள்ளலாம். பிசின்போல ஒட்டும் அகல டயரை முதல் நாளே மாட்டுகிறவர் இந்தப் பாடத்தை இழக்கிறார். அவருக்கும் கார் ஒருநாள் வழுக்கத்தான் போகிறது. ஆனால் அப்போது வேகம் அதிகமாக இருக்கும், திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

2021-ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறைதான் ஜிஆர்86. 2.4 லிட்டர் என்ஜின், அமெரிக்காவில் 228 குதிரைத் திறன், எடை சுமார் 1,275 கிலோ. முதல் தலைமுறைக் காரில் நடுத்தர ஆர்பிஎம்மில் இழுவை தொய்கிறது என்ற குறை இருந்தது. அதைப் போக்க எக்ஸாஸ்ட் குழாய்களை மாற்றி, கம்ப்யூட்டரை டியூன் செய்து பெரும் பணம் செலவழித்தவர்கள் உண்டு. புதிய என்ஜின் 3,700 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கையும் கொடுத்துவிடுகிறது. அந்தச் செலவுக்கு இனி வேலையில்லை.

இரண்டு மைதானம், இரண்டு தேவை

ஆட்டோகிராஸுக்குப் பெரிய வசதி எதுவும் வேண்டாம். காலியான கார் பார்க்கிங்கோ பழைய விமான ஓடுதளமோ போதும். ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போடுவார்கள். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் நடத்துவது 1944-ல் தொடங்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. சோலோ என்ற பெயரில் ஊர் ஊராக நடத்துகிறது. தேசியப் போட்டி செப்டம்பரில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் நடக்கும். போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு சுற்று ஒரு நிமிடம் முன்னே பின்னே. பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். ஒரு கூம்பைத் தட்டினால் 2 வினாடி அபராதம். அரை வினாடியில் பரிசு கைமாறும் ஆட்டத்தில் அது பெரிய அடி. உங்கள் சுற்றுகள் முடிந்ததும், அடுத்தவர் தட்டிவிட்ட கூம்பை ஓடிப்போய் நிமிர்த்தி வைக்கும் வேலையும் உங்களுடையதே.

டிராக் நாள் வேறு உலகம். ஒருமுறை இறங்கினால் சுமார் 20 நிமிடம் தொடர்ந்து ஓட்ட வேண்டும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை இறங்கலாம். புதியவர்களுக்குப் பக்கத்து சீட்டில் பயிற்சியாளர் உட்காருவார். முன்னால் போகிறவர் கை காட்டி வழிவிட்டால்தான் முந்தலாம். அதுவும் குறிப்பிட்ட நேர்ப்பாதைகளில் மட்டும். அமெரிக்காவில் ஜிஆர்86 வாங்குபவருக்கு நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷனில் ஓராண்டு உறுப்பினர் தகுதியையும் ஒரு டிராக் நாளையும் டொயோட்டாவே இலவசமாகக் கொடுக்கிறது. கம்பெனி கொடுத்த நிலையிலேயே டிராக்கில் ஓட்டிப் பார்க்கச் சொல்லும் அழைப்பு அது. புதிதாக வாங்குபவர்கள் முதலில் பயன்படுத்த வேண்டியது இதைத்தான்.

இரண்டு இடத்திலும் காரைச் சோதிப்பது ஒரே விஷயமில்லை. ஆட்டோகிராஸில் ஒரு நிமிடம் ஓடி, அரை மணி நேரம் நிற்பதால் பிரேக் சூடாக வாய்ப்பே இல்லை. அங்கே டயரின் பிடிமானமும், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் திரும்புகிற சுறுசுறுப்பும்தான் கணக்கு. டிராக்கில் எதிரி வெப்பம்.

பிரேக் ஆயில்தான் முதல் செலவு

ஓட்டுபவரையும் சேர்த்து சுமார் 1,350 கிலோ எடையுள்ள இந்தக் கார், நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சில வினாடிகளில் பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சுற்றுக்கு இப்படிப் பலமுறை, 20 நிமிடம் இடைவிடாமல். வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போய்வரும் கார் ஒரு வருடத்தில் பார்க்காத சூடு இது.

அந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து காலிப்பருக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் ஏறும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியே போதும் என்கிறது விதி. டாட் 3 என்றால் இந்த எண்கள் 205, 140. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும். பெடலை மிதித்தால் கால் நேராகத் தரைக்குப் போகும், கார் நிற்காது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், மிக வேகமான இடத்தின் முடிவில் இது நடக்கும்.

ஆகவே முதல் டிராக் நாளுக்கு முன் பழைய பிரேக் ஆயிலை முழுவதும் எடுத்துவிட்டு, 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ரேஸிங் ஆயிலை ஊற்ற வேண்டும். சிலிகான் வகையான டாட் 5 வேறு. இதோடு கலக்கவே கூடாது. அடுத்த செலவு பிரேக் பேட். சாலை பேட் சூடேறினால் பிடியை விட்டுவிடும். டிராக் பேடோ குளிரில் சரியாகப் பிடிக்காது, கீச்சிடும், டிஸ்க்கைச் சீக்கிரம் தின்னும். தினமும் இதே காரில் வேலைக்குப் போகிறவர் இரண்டுக்கும் நடுவிலுள்ள ரகத்தை எடுப்பது நல்லது. புது பேடை மாட்டியதும், சொல்லப்பட்ட முறைப்படி பலமுறை வேகத்தைக் குறைத்து, பேடின் பொருள் டிஸ்க்கில் சமமாகப் படியும்படி பதப்படுத்த வேண்டும். பெரிய காலிப்பர், துளை போட்ட டிஸ்க் எல்லாம் கண்ணுக்கு அழகு, புதியவருக்குத் தேவையில்லை.

சாக்பீஸ் சொல்லும் சேதி

கம்பெனி டயரில் ஒரு சீசன் ஓட்டிக் கற்ற பிறகு நல்ல டயருக்குப் போகலாம். தேய்மானத்தைக் குறிக்கும் டிரெட்வேர் எண் 200 என்று அச்சிட்ட ரகங்கள் இதற்கென்றே வருகின்றன: பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052, ஃபால்கன் ஆர்டி660 போன்றவை. இந்தக் காரில் வேறெந்த ஒற்றை மாற்றமும் இவ்வளவு நேரத்தைக் குறைத்துக் கொடுக்காது.

எந்த டயரானாலும் காற்று சரியாக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அனுபவசாலிகள் பயன்படுத்துவது ஒரு துண்டு சாக்பீஸ். டயரின் தரைப்பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் தோளில், மூன்று இடங்களில் குறுக்கே கோடு போடுவார்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து குனிந்து பார்ப்பார்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடிந்து சுவரில் உருள்கிறது, காற்று போதவில்லை. தோளை எட்டாமலே கோடு அப்படியே நின்றால் காற்று அதிகம். பல டயர்களின் தோளில் ஒரு சிறு முக்கோணக் குறி இருக்கும்; அதன் முனை வரை அழிந்திருந்தால் ஏறத்தாழச் சரி. டயர் சூடானதும் அழுத்தம் ஏறும் என்பதால், காரிலிருந்து இறங்கிய உடனே அளந்து, ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

அதே தோள் இன்னொன்றும் சொல்லும். முன்டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து உள் ஓரம் புதிதாகவே இருந்தால் கேம்பர் போதவில்லை என்று அர்த்தம். வளைவில் கார் சாயும்போது டயரும் வெளிப்பக்கம் சாய்ந்து ஓரத்தில் நிற்கிறது. சக்கரத்தின் மேல்பகுதியை உள்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைத்தால், வளைவில் டயர் முழு அகலத்தில் தரையில் படியும். இந்தக் காரின் முன் சஸ்பென்ஷனில் கேம்பர் போல்ட் என்ற எளிய பொருளை வைத்தே ஒரு டிகிரிக்கு மேல் மாற்றிவிடலாம். ஒரு நல்ல வீல் அலைன்மென்ட் கடையில் ஒரு காலை வேளை வேலை அது. ஆயிரம் டாலர் ஸ்பிரிங்கைவிட முதலில் செய்ய வேண்டியது.

விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு ஸ்பானரை எடுங்கள்

ஆட்டோகிராஸில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. சோலோவின் ஸ்ட்ரீட் பிரிவில் 200 டிரெட்வேர் டயர், விரும்பிய பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. ஸ்பிரிங்கை மாற்றினாலோ, அகல ரிம் போட்டாலோ ஸ்ட்ரீட் டூரிங் பிரிவுக்குப் போக வேண்டும். டர்போ மாட்டினால் ஸ்ட்ரீட் மாடிஃபைட். அங்கே உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாக அதே காரைச் செதுக்கியவர்கள். அழகுக்காக மாட்டிய ஸ்பிரிங் ஒன்று, வெல்லக்கூடிய காரை வெல்ல முடியாத பிரிவில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

சத்தத்துக்கும் விலை உண்டு. கலிஃபோர்னியாவின் லகுனா செகா டிராக்கில் பெரும்பாலான நாட்களில் ஒலி வரம்பு சுமார் 90 டெசிபல். உறுமும் சைலன்சரை மாட்டியவர் கருப்புக் கொடி வாங்கி, கட்டிய பணத்தை இழந்து திரும்ப வேண்டியிருக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது சாலையில் ஓடும் காருக்கு அமெரிக்காவில் சட்டவிரோதம்.

மிகவும் கவலைப்பட வேண்டியது சீட் பெல்ட். ரேஸ் கார்போல இருக்கட்டும் என்று நான்கு முனை பெல்ட்டை மட்டும் வாங்கி மாட்டுகிறார்கள். கார் கவிழ்ந்து கூரை நசுங்கினால், கம்பெனி பெல்ட்டில் உடல் பக்கவாட்டில் சாய இடமுண்டு. நான்கு முனை பெல்ட் உடலை நிமிர்த்தியே பிடித்திருக்கும். கூரையின் சுமை கழுத்தில் இறங்கும். ரோல் பார், அதற்கேற்ற சீட், கழுத்துக் காப்பு எல்லாம் சேர்த்துச் செய்ய முடியாவிட்டால் கம்பெனி பெல்ட்டையே விட்டுவிடுங்கள். அந்தப் பணத்துக்கு ஸ்னெல் எஸ்ஏ முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்குங்கள். பைக் ஹெல்மெட்டுக்கு இல்லாத தீத்தடுப்புச் சோதனை அதற்கு உண்டு.

இந்த வரிசை அமெரிக்காவுக்கு மட்டுமானதல்ல. ஜிஆர்86 இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. ஆனால் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ தங்கள் சொந்தக் காரை இறக்க நினைக்கும் இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும் பிரேக் ஆயிலுக்கு இன்னும் கொடிய எதிரிகள். அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: கார் எதுவாக இருந்தாலும் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், வீல் நட்டுகளை டார்க் ரென்ச் வைத்து முறுக்கி ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் சரிபாருங்கள், உங்கள் இன்ஷூரன்ஸ் டிராக்கில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுவாங்குங்கள். மிச்சப் பணத்தை அடுத்த டிராக் நாளுக்குக் கட்டுங்கள்.

(தொடரும்)