ரத்தம் என்கிற சொல்லாடல்

செம்மேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு பள்ளிக்கூடத்தின் பக்கம் போனது. அடிவாரத்திலிருந்து வந்துபோகிற ஒருவர், படித்தவர்தான், சொன்னார்: "இந்தப் புள்ளைங்களுக்கு ஜீன்லயே படிப்பு இல்லைங்க." இந்தப் பிள்ளைகள் என்றால் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் (கேரளத்தாரல்ல, கொல்லிமலைக்காரர்கள்). முன்பு 'ரத்தத்துலயே இல்ல' என்றார்கள். இப்போது ரத்தத்தின் நாற்காலியில் ஜீன் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அன்று வாயில் பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே வைக்கிறேன்.

இந்த மலைக்குச் சங்கக் கவிதை தந்த படிமம் கொல்லிப்பாவை. காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் வடிவு குலையாத, தெய்வம் செய்த பாவை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நரம்பியலும் வளர்ந்த மூளையை இப்படியொரு பாவையாகத்தான் கட்டமைத்தது. நியூரான் சாகலாம், புதிதாகப் பிறக்காது. 1965இல் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் எலியின் ஹிப்போகாம்பஸில், அதாவது நினைவைப் பதிப்பதில் பெரும்பங்கு வகிக்கும் பகுதியில், பிறப்புக்குப் பின்னும் நியூரான்கள் தோன்றுவதைக் காட்டினார்கள். நீண்ட காலம் பெரும்பாலோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதிகாரம் விஞ்ஞானத்துக்குள்ளேயும் உண்டுங்கிறதை நம்மாட்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஜீனுக்கு வருவோம். 1997இல் கெர்ட் கெம்பர்மான், ஃபிரெட் கேஜ் குழுவினர் நான்கு வகைச் சுண்டெலிகளை ஒப்பிட்டார்கள். ஆறு நாள் கணக்கில், ஹிப்போகாம்பஸின் ஒரு குறிப்பிட்ட செல் அடுக்கில், 'சி57 பிளாக் 6' வகை அந்த அடுக்கின் மொத்தச் செல்களில் 0.36 சதவீத அளவுக்குப் புது நியூரான்களை உண்டாக்கியது. '129' வகை 0.16தான். பாதிக்கும் குறைவு. பரம்பரைக்கு இதில் பங்கே இல்லை என்று முற்போக்கு பேசினால் அது பொய்.

ஆனால் அதே ஆய்வை இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். செல் பிளவுபடுவது ஒன்று, பிறந்த செல் பிழைத்திருப்பது வேறொன்று, அது நியூரானாக ஆவதா துணைச் செல்லாக ஆவதா என்பது மூன்றாவது. பிளவில் முதலிடம் சி57 வகைக்கு. பிழைப்பதிலோ 'சிடி1' என்ற இன்னொரு வகைக்கு. '129' துணைச் செல்களை அதிகமாக உண்டாக்கியது. ஒரே ஏணி இல்லை. எந்தப் படியை வைத்து 'உயர்ந்த ரத்தம்' என்பது?

இதைவிட முக்கியமானது 1998இல் வந்தது. அந்த 'மட்டமான' 129 எலிகளைப் பெரிய கூண்டில், ஓடுசக்கரம், சுரங்கம், கூட்டாளிகளோடு விட்டார்கள். புது நியூரான்கள் கூடின. சி57 வகையில் இப்படிப்பட்ட வாழ்க்கை முக்கியமாகப் பிழைப்பு விகிதத்தைத்தான் கூட்டியிருந்தது; 129இல் செல் பிளவே அதிகரித்தது. சூழலுக்கு எந்த வழியில் பதில் சொல்வது என்பதிலும் பரம்பரையின் கை இருக்கிறது என்று இதை நான் வாசிக்கிறேன். பதிலே வராது என்று எந்த ஜீனும் சொல்லவில்லை. 2013இல் மரபு ஒத்த 40 எலிகளை ஒரே பெரிய அடைப்பில் மூன்று மாதம் வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஜீன், ஒரே அடைப்பு. ஆனாலும் ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாகிப் போனது. பரவலாகச் சுற்றித் திரிந்தவற்றுக்குப் புது நியூரான்கள் அதிகம்.

எலியோடு பிள்ளைகளை ஒப்பிடுவது எனக்கும் உறுத்துகிறது. ஒப்பீடு அங்கேயே உடையவும் செய்கிறது. 129, சி57 போன்ற வகைகள் அண்ணன் தங்கை இணையாகக் குறைந்தது இருபது தலைமுறை பெருக்கி உருவாக்கியவை. எந்தச் சாதியும் எந்தப் பழங்குடியும் அப்படியொரு 'வகை' அல்ல. மனிதரின் மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் உள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவொன்டின் 1972இலேயே கணக்கிட்டுவிட்டார்.

மனித மூளையைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. வளர்ந்தவரிடமும் புது நியூரான் பிறக்கிறது என்றது 1998 ஆய்வு. 2018இல் ஒரு குழு ஏறக்குறைய இல்லையென்றது, இன்னொரு குழு முதுமையிலும் உண்டென்றது. பெரும்பாலும் இறந்தவர்களின் மூளைத் திசுவை வைத்துச் செய்தவை. உயிரோடிருக்கும் ஒருவரின் தலைக்குள் புது நியூரான்களை எண்ண நம்பகமான வழி இன்னும் கைக்கு வரவில்லை. செம்மேட்டு டீக்கடையில் அந்த மனிதர் எதை எண்ணிச் சொன்னாரோ.