பனம்பழக் காலத்தில் வீடு திரும்புதல்

ஆண்டிலே ஒருமுறை சுடும் பலகாரங்களுக்கு எமது வீடுகளிற் குறைவில்லை. வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் முறுக்கும் சுடுவர். ஆயினும் இவற்றைப் பண்டிகையோடு பிணைத்து வைத்தது வழக்கமேயன்றி வேறில்லை. பயறும் அரிசியும் கடையில் எந்நாளும் கிடைப்பன. மனம் வைத்தால் மார்கழி மழையிலும் முறுக்குச் சுடலாம். பனங்காய்ப் பணியாரம் அத்தகையதன்று. அதற்கு நாள் குறிப்பது பஞ்சாங்கமுமன்று, வீட்டுத் தலைவியுமன்று. வளவிலே நிற்கும் பனை. ஆடி பிறந்து சில நாளில் முதற்பழம் விழும், ஆவணியிற் பெருகும், புரட்டாசியோடு ஓயும். அந்த இரண்டரை மாதத்துக்குள் வீட்டுக்கு வந்தவனுக்கே பணியாரம் உண்டு.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பகுதிக்குள் நுழைந்து, அல்லைப்பிட்டியைத் தாண்டியதும் வரும் ஊர் மண்கும்பான். பெயருக்கேற்ப மணல் நிறைந்த ஊர். வெள்ளை மணலும், அதன் கீழே ஊறும் நன்னீர்க் கிணறுகளும், எப்பக்கம் திரும்பினும் பனையுமாக விளங்குவது. பிள்ளையார் கோயிலும், கடற்கரையோரப் பள்ளிவாசலும், அயலிலே சாட்டி மாதா கோயிலும் உள்ள இவ்வூரில், வழிபடும் இடம் எதுவாயினும் ஆவணி மாதத்திற் காலையிலே கடகத்துடன் பனங்காணிக்குப் போவது எல்லா வீட்டாருக்கும் பொதுவாயிருந்தது. இரவிலே பழம் விழும் ஓசையைப் படுக்கையில் இருந்தவாறே கேட்டு, எந்த மரத்துப் பழம் என்று சொல்லும் கிழவிகள் இருந்தனர். விடியுமுன் போய்ப் பொறுக்காவிடின் மாடுகள் முந்திக்கொள்ளும்.

'சுடுதல்' என்னும் சொல்லைப் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை. எமது முன்னோர் வீட்டில் போறணை இல்லை. போறணை என்னும் சொல்லும், அதிலே வேகும் பாணின் பெயரும் போர்த்துக்கீசர் விட்டுச் சென்றவை. கேக் என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த விருந்தாளி. தோசையும் அப்பமும் தட்டிலும் சட்டியிலும் சுடப்பட்டன. எண்ணெயிற் பொரிப்பதையும் 'பலகாரம் சுடுதல்' என்றே வழங்கினர். கலியாண வீட்டுக்கு முன்னர் அயலவரெல்லாம் கூடிச் செய்யும் 'பலகாரச் சூடு' இன்றும் நிலைத்திருக்கிறது. மேல்நாட்டார் போறணையைச் சூழ்ந்து செய்வதை நாம் தாச்சியைச் சூழ்ந்து செய்தோம். நோர்வே நாட்டிலே நத்தாருக்கு முன் ஏழு வகைப் பலகாரம் வீட்டிற் சுட்டு வைத்தல் பழைய வழக்கம். பனி மூடிய அந்நாட்டில் இன்று வாழும் யாழ்ப்பாணத்தவர் பலருடைய பிள்ளைகளுக்கு, பனங்காய்ப் பணியாரத்தைக் காட்டிலும் அந்த ஏழும் நன்கு அறிமுகமாயிருத்தல் கூடும். அது குற்றமன்று. எந்த அடுப்பின் அருகே வளர்கிறோமோ அதன் மணமே மூக்கில் நிற்கும்.

பணியாரம் செய்யும் முறையை அறியாத மாணவர் பொருட்டு அதனையும் கூறுவேன். நன்கு பழுத்த பழத்தின் மூடியைக் கழற்றிக் கரிய தோலை உரித்தால், உள்ளே தும்போடு ஒட்டிய செம்மஞ்சட் களி தோன்றும். பெரும்பாலும் ஒரு பழத்தில் மூன்று விதை இருக்கும். சிறிது நீர் தெளித்துத் தும்பைக் கையாற் பிசைந்து களியைப் பிரித்தெடுத்து, துணியில் வடிக்கவேண்டும். இவ்வேலையே கடினமானது. அரைமணி நேரம் பிசைந்தவன் விரல்களில் அந்த மஞ்சள் மூன்று நாள் நிற்கும். பின் களியோடு சீனி சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை அடுப்பில் வைத்துக் கிண்டி, ஆறவிட்டு, வறுத்த கோதுமை மாவும் அளவாக உப்பும் கூட்டிக் குழைப்பர். குழைத்ததைக் கையில் ஏந்தி, பெருவிரலாற் சிறிது சிறிதாகத் தள்ளிக் கொதிக்கும் எண்ணெயில் இட்டு, கருஞ்சிவப்பு நிறம் வரப் பொரித்தெடுப்பர். மா எவ்வளவு என்று கேட்டால் எந்தத் தாயும் அளவு சொல்லமாட்டாள். 'களி கேட்கிற அளவு' என்பாள். சுட்டவுடன் தின்பது பொறுமையற்றவர் செயல். ஓர் இரவு ஓலைப்பெட்டியிற் கிடந்து மறுநாள் எடுக்கும் பணியாரத்துக்கே சுவை மிகுதி.

இக்காலமும் பிள்ளைகள் ஊர் திரும்பும் காலமும் ஒன்றாயமைந்தது எமது நாட்டின் பேறு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருவிழா, ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி, இருபத்தைந்து நாள் நடந்து, ஆவணி அமாவாசையிற் தீர்த்தத்தோடு நிறைவுறுவது. பாடசாலைகளின் இரண்டாந் தவணை விடுமுறையும் அதனையொட்டி வருவது வழக்கம். எனவே கொழும்பிலே எழுதுவினைஞராயிருந்த இளைஞர் தமது வருட விடுமுறையைத் தேர்த் திருவிழாவுக்கென்றே சேமித்து வைத்தனர். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், அரசாங்கம் தரும் இலவசப் புகையிரதச் சீட்டோடு காலையிலே கோட்டையில் ஏறியவன் பிற்பகலில் யாழ்ப்பாணத்தில் இறங்கினான். தேருக்கு வந்தேன் என்பான். பணியாரத்துக்கு வந்தேன் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். திரும்பும்போது கையில் இருக்கும் ஓலைப்பெட்டி உண்மையைச் சொல்லிவிடும்.

அந்தப் போக்குவரவு 1990 இல் அறுந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியில் யாழ்தேவி நின்றது. ஆகஸ்ட் மாதத்திலே போர் தீவுப்பகுதிக்குள் வந்தபோது மண்கும்பான் மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். அது பனம்பழக் காலம். அப்போது எனக்குப் பத்து வயது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில், வெளியூரிற் படித்த பிள்ளை தாயைக் காண வருவதென்றால் எத்தகைய பயணம் என்பதை இன்றைய மாணவர் அறிந்திருக்கமாட்டார். முதலிலே கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்தனர். பின்னர் திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலிலும், பலாலிக்கு விமானத்திலும், அனுமதிச் சீட்டுக்காகக் காத்துக்கிடந்து வந்தனர். அத்தகைய பயணத்தில் வந்தவனைப் பார்த்து, பழம் விழுகிற மாதமா என்று யார் கேட்பார்? உயிரோடு வந்ததே பண்டிகை.

2002 இல் ஏ-9 வீதி திறந்தது. அப்போது பேராதனையிற் படித்துக்கொண்டிருந்த நான், அவ்வாண்டு ஆவணியில் பஸ் வண்டியிலே வந்து, தாயாரோடு மண்கும்பானுக்குச் சென்றேன். வீட்டுக்குக் கூரை இல்லை. வேலி இல்லை. ஆனால் வளவுக்குள் நுழைய முடியவில்லை, அத்தனை வடலி! பன்னிரண்டு ஆவணிகளில் பொறுக்குவாரின்றி விழுந்த பழங்களின் விதைகள் விழுந்த இடத்திலேயே முளைத்து, ஆளுயரத்துக்கு ஓலை விரித்து நின்றன. ஒவ்வொரு வடலியும் எமது வீட்டிற் சுடப்படாத ஒரு பணியாரம் என்று அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாயார் கணக்குப் போடவில்லை. வடலிகளுக்கிடையிற் புகுந்து நாலைந்து பழம் பொறுக்கினார். ஒன்றை மோந்து பார்த்து எறிந்தார்.

"அது வேலியடிப் பனையின்ரை பழம். கைக்கும். மற்றதுகளைக் கொண்டுபோய்த் தோலை உரி, மோனை."

மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினோம். பிசைந்தது நான், சுட்டது அவர். இருபத்திரண்டு வயதில், என் வீட்டுப் பலகாரத்திற் கைவைத்தது அதுவே முதன்முறை. சிறுவயதில் அடுப்படிக்கு வரவிடமாட்டார்கள், வளர்ந்தபின் ஊரில்லை.

வேலியடிப் பனை கைக்கும் என்பதை அவர் எவ்வாறு அறிந்தார் என்பது அன்று எனக்கு வியப்பாயிருந்தது. பனங்களியின் கசப்புக்குப் பிளாபெலிபெரின் என்னும் சப்போனின் வகைப் பொருளே காரணம் என்பதை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அது மரத்துக்கு மரம் வேறுபடுவது. ஒரே காணியில் நிற்கும் இரண்டு பனைகளில் ஒன்றின் களி தேனாகவும் மற்றதன் களி வேம்பாகவும் இருத்தல் கூடும். கண்ணாற் பார்த்து அறிய இயலாது. பல ஆண்டுகள் பொறுக்கி, பிசைந்து, நாவில் வைத்துப் பார்த்தவளே அறிவாள். பனையின் பயன் எண்ணூற்றொன்று எனத் தாலவிலாசம் என்னும் நூல் கணக்கிட்டதாக 1850 இலே பேர்குசன் என்பவர் பனையைப் பற்றி எழுதிய நூல் கூறும். ஆயினும் உங்கள் வளவிலே நிற்கும் பனைகளில் எது பணியாரத்துக்கு உகந்தது என்பதை எந்த நூலும் கூறாது. அது உங்கள் தாயாரிடமோ ஆச்சியிடமோ மட்டும் உள்ள செய்தி. எழுதி வைக்கப்படாதது.

2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்தபின் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவியும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. இப்போது கொழும்பிலும் மொறட்டுவையிலும் பேராதனையிலும் பயிலும் என் பழைய மாணவர் நினைத்த இரவில் பஸ் ஏறி விடியற்காலையில் வீட்டில் நிற்கின்றனர். வழி இலகுவாயிற்று, ஆனால் வருகை சுருங்கிற்று. வெள்ளி இரவு புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்புவோர் பலர். பல்கலைக்கழக விடுமுறை பனையைக் கேட்டு வருவதில்லை. வேலையிற் சேர்ந்தோருக்கு மார்கழியிலோ சித்திரையிலோதான் சேர்ந்தாற்போல் நாலு நாள் கிடைக்கிறது. கனடாவிலும் பிரான்சிலும் இருப்போர் மட்டும், அங்கே கோடை விடுமுறையாதலின், ஆவணியில் வருகின்றனர். தூரத்திலுள்ளவன் பழக் காலத்தில் வர, கிட்ட உள்ளவன் பழம் முடிந்தபின் வருகிறான்!

தாய்மார் இதற்கு ஒரு வழி கண்டுள்ளனர். களியை வடித்துக் காய்ச்சிக் குளிர்சாதனப் பெட்டியிலே உறைய வைத்து, மகன் வரும் மார்கழியில் எடுத்துச் சுடுகின்றனர். எம்மவர்க்கு இது புதிதன்று. களியைப் பாயிற் பரப்பி வெயிலிற் காயவைத்துப் பனாட்டாக்கியும், அதனைப் பாணியில் ஊறவைத்துப் பாணிப் பனாட்டாக்கியும் பருவத்தைப் பெட்டியில் அடைத்தவர் எமது பாட்டிமாரே. ஆதலின் குளிர்சாதனப் பெட்டியைப் பழிக்கும் எண்ணம் எனக்கில்லை. உறைந்த களியிற் சுட்ட பணியாரத்தை உண்டிருக்கிறேன். சுவையிலே குறை சொல்ல இயலாது.

எனது முறைப்பாடு வேறு. மகன் பஸ்ஸால் இறங்குமுன் தாய் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறாள். அவன் வந்து, குளித்து, உட்கார்ந்து, தட்டிலே வைத்ததைத் தின்று, கைத்தொலைபேசியைப் பார்த்து, உறங்கி, மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறான். இருபது வயதிலே தன் வீட்டுக்கே விருந்தாளியாகிவிடுகிறான். மாணவரைக் குறை கூறுதல் ஆசிரியருக்கு எளிது. ஆனால் இதிலே பாதிப் பங்கு தாய்மாருடையது. 'பிள்ளை களைத்து வந்திருக்கிறான்' என்று அவனைப் பாதுகாக்கின்றனர். நான் அறிந்தவரையில் இளைஞருக்குப் பிசைவதிலே தயக்கமில்லை. அழைப்பாரில்லை என்பதே குறை. சென்ற ஆண்டு ஒரு மாணவனிடம், "நீ சுட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டேன். "அம்மா விடமாட்டா, சேர். எண்ணெய் தெறிக்குமாம்" என்றான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஆய்வுகூடத்திலே உலோகத்தை உருக்குகிறவன்.

களியைப் பிழிந்தபின் விதைகளை வீசுவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மணலிலே பாத்தி கட்டி அடுக்கி வைத்தால், மழையோடு முளைத்து, தை மாதமளவிற் கிழங்காகும். ஆவணியிலே பணியாரம் தின்றவன் பொங்கலுக்கும் வந்தால், அதே பழத்தின் கிழங்கை அவித்துத் தின்னலாம். மிஞ்சியது ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் காயும்; ஒடியல் மாவிலே கூழ் காய்ச்சலாம். ஒரு பழத்துக்கு இரண்டு வருகை என்று அக்காலத்தார் கணக்கு வைத்திருந்தனர் போலும்.

மண்கும்பானில் எனக்குத் தெரிந்த வீடொன்றில் மகள் கொழும்பிலே வங்கி உத்தியோகத்தில் இருக்கிறாள். சென்ற ஆவணியில் ஐந்து நாள் விடுமுறை எடுத்து வந்தவள், தாயையும் சின்னம்மாவையும் பனங்காணிக்கு அழைத்துச் சென்று, மரம் மரமாகக் கேட்டு, களி இனிக்கும் பனைகளுக்கு மட்டும் சுண்ணாம்பாற் கோடு போட்டாள். ஏழு மரங்களுக்குக் கோடு விழுந்தது. கிணற்றடியில் நிற்கும் எட்டாவது பனையைப் பற்றி இருவருக்கும் வழக்கு: தாய் இனிக்கும் என்கிறாள், சின்னம்மா, அது அவளுடைய நாக்கின் குறை என்கிறாள். அந்த மரத்துக்குப் பாதிக் கோடு மட்டும் போட்டுவிட்டு, வருகிற ஆவணிக்கு இப்போதே விடுமுறை எழுதிக் கொடுத்திருக்கிறாளாம்.