மரப்பலகைப் புறவுறை

மரப்பலகைப் புறவுறை என்பது, வீட்டின் வெளிப்புறத்தை மழை, காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்து காப்பதற்காக வரிசையாகப் பொருத்தப்படும் மரப்பலகைகளைக் குறிக்கும். இது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் வெதர்போர்டு எனவும், வட அமெரிக்காவில் கிளாப்போர்டு எனவும் அழைக்கப்படுகிறது. இத்தகைய வீடுகளில் கூரையின் சுமையைப் பெரும்பாலும் உள்ளிருக்கும் மரச்சட்டகமே தாங்குகிறது.

அமைப்பு

கிடைப்பலகைகள் கீழிருந்து மேலாகப் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொரு பலகையின் அடிவிளிம்பும் அதற்குக் கீழுள்ள பலகையின் மேல்விளிம்பை மூடி நிற்கும். இதனால், ஓட்டுக் கூரையில் நிகழ்வது போலவே மழைநீர் வெளிப்புறமாக வழிந்துவிடுகிறது.

மரம் ஈரத்தை ஏற்கும்போது அகலவாக்கில் விரியும், உலரும்போது சுருங்கும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு பலகைகளையும் ஒரே ஆணியால் இறுக்குவதில்லை. அவ்வாறு இறுக்கினால் அசைய இடமின்றிப் பலகை பிளந்துவிடக்கூடும்.

எவ்வளவு நெருக்கமாகப் பொருத்தினாலும் சிறிதளவு நீர் உட்புகும். எனவே தற்காலக் கட்டுமானங்களில் பலகைகளுக்குப் பின்னால் நீர்த்தடுப்புத் தாள் பொருத்தப்பட்டு, காற்றோட்டத்துக்கு இடைவெளியும் விடப்படுகிறது. உட்புகும் நீர் உலர வழியில்லாவிடில் வண்ணப்பூச்சு உரியும். பூஞ்சையால் மரம் உளுத்துப்போகும்.

குறைகள்

தீயும் கறையானும் இவ்வுறையின் முதன்மையான பகைகள் ஆகும். 1666 ஆம் ஆண்டு இலண்டன் பெருந்தீக்குப் பின்னர், அந்நகரில் வெளிச்சுவர்களைச் செங்கல் அல்லது கல்லால் கட்டவேண்டும் எனச் சட்டம் இயற்றப்பட்டது. கறையானைத் தவிர்க்க, அடிப்பலகை மண்ணைத் தொடாதவாறு உயர்த்தி அமைக்கப்படுகிறது. காடாம்புலியூர், நெய்வேலி போன்ற தமிழ்நாட்டுச் சமவெளி ஊர்களில் கறையான் தொல்லை மிகுதி. செங்கல்லும் எளிதில் கிடைக்கும். ஆகவே இங்கு இம்முறை வேரூன்றவில்லை.

அந்தமான் தீவுகளில்

இந்தியாவில் பலகைச் சுவர் வீடுகள் காணப்படும் இடங்களுள் தமிழர் பலரும் வாழும் அந்தமான் தீவுகள் ஒன்றாகும். போர்ட் பிளேர் (2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது) நகரை அடுத்த சாத்தம் தீவில், 1883 ஆம் ஆண்டில் அரசு மரம் அறுக்கும் ஆலை நிறுவப்பட்டது. படாக் உள்ளிட்ட உள்ளூர் மரங்கள் அங்கு அறுக்கப்பட்டன. நிலநடுக்க அபாயம் மிகுந்த இத்தீவுகளுக்கு, எடை குறைந்த மரச்சட்ட வீடு ஏற்றதாகும். எனினும் காடுகளைக் காக்கும் பொருட்டு, 2002 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அங்கு மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. இதனால் பழைய வீடுகளின் பலகைகளை முறையாகப் பேணுவது முன்னிலும் இன்றியமையாததாகியுள்ளது.