சினிமா பைத்தியமும் நிஜ மனநோயும்

“அவனா? சரியான அந்நியன் ஆச்சே!”

பெரம்பலூர் டீக்கடையானாலும், அரியலூர் பஸ் நிலையமானாலும் இப்படி ஒருவர் சொன்னால் மற்றவருக்கு விளக்கம் தேவை இல்லை. ஒரு நேரம் சாது, ஒரு நேரம் முரடன் என்று புரிந்துவிடும். கோபக்காரப் பெண் என்றால் “சந்திரமுகி” என்பார்கள்.

இரண்டும் 2005-ம் ஆண்டு வந்த படங்கள். ஷங்கர் டைரக்ட் செய்த “அந்நியன்” படத்தில் விக்ரம் சாதுவான வக்கீல். அவருக்குள்ளேயே ஒரு காதல் மன்னன், ஒரு கொலைகாரன்! பி.வாசுவின் “சந்திரமுகி”யில் ஜோதிகா, தன்னைப் பழைய காலத்து நாட்டியக்காரி என்று எண்ணிக்கொள்கிறார். டாக்டராக வரும் ரஜினிகாந்த் ஒரு நாடகம் நடத்தி அவரைக் குணப்படுத்துகிறார்.

மக்கள் ரசித்தார்கள். ரசிப்பதில் தவறு இல்லை. ஆனால் இதுதான் மனநோய் என்று நம்பிவிடுவது சரியா?

ஆள் மாறுவதில்லை

ஒரே உடலில் பல ஆட்கள் இருப்பது போன்ற நிலையை டாக்டர்கள் தனி வகையாக வைத்திருக்கிறார்கள். “ஆளுமைக் கோளாறு” என்பது வேறு. அதில் ஆள் மாறுவதில்லை. மற்றவர்களோடு பழகும் விதம்தான் கோணலாகிறது. பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்கி, பல ஆண்டுகள் நீடிக்கிறது.

சிலர் காரணம் இல்லாமல் எல்லோரையும் சந்தேகிப்பார்கள். சிலர், “என்னை விட்டுப் போய்விடுவார்களோ” என்று அஞ்சித் தம்மையே வருத்திக்கொள்வார்கள். சிலருக்குப் பிறர் படும் துன்பம் மனதில் உறைக்காது. கோபம் வருகிறவர் எல்லோரும் நோயாளி அல்ல. வருடக்கணக்கில் குடும்பமும் தொழிலும் கெடும்போதுதான் அது கோளாறு.

சினிமா சொன்ன உண்மை

பாரதிராஜாவின் “சிகப்பு ரோஜாக்கள்” (1978), பாலு மகேந்திராவின் “மூடுபனி” (1980), செல்வராகவனின் “காதல் கொண்டேன்” (2003) ஆகிய படங்களில் நாயகனின் வக்கிரத்துக்குச் சிறு வயதில் பட்ட துன்பம் காரணமாகக் காட்டப்படுகிறது. இதில் உண்மை உண்டு. சின்ன வயதுக் கொடுமை மனதைப் பாதிக்கும் என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். ஆனால் கொடுமைப்பட்ட குழந்தைகள் எல்லோரும் கொலைகாரர்கள் ஆவதில்லை!

சொல்லாத உண்மை

மனநோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடிபடுகிறவர்களே அவர்கள்தான். 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 25-க்கும் மேற்பட்டோர் தப்பி ஓட முடியாமல் கருகி மாண்டார்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் திட்டவட்டமாகக் கூறுகிறது.

“பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமே” என்ற பயத்தில் பல வீடுகளில் விஷயத்தை மூடி வைக்கிறார்கள். “கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்” என்று கல்யாணமும் செய்துவைக்கிறார்கள். பிறகு ஒருவர் துன்பம் இருவர் துன்பம் ஆகிறது.

என்ன செய்யலாம்?

படத்தைப் போல ஒரே நாளில் குணம் ஆகாது. டாக்டர் பல மாதங்கள் பேசிப் பேசித்தான் மனதைப் பழக்க வேண்டும். தூக்கமின்மை, மனச்சோர்வு சேர்ந்திருந்தால் மருந்தும் தருவார். பொறுமையோடு சிகிச்சை பெற்றவர்கள் பலர் நல்ல நிலைக்கு வந்திருக்கிறார்கள்.

இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியது இல்லை. மாவட்டந்தோறும் அரசு மனநலத் திட்டம் உண்டு. அரியலூரில் 2022-ம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். தமிழிலேயே பேசலாம்.

காய்ச்சல் வந்த பிள்ளையை யாரும் கேலி செய்வதில்லை. டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். மனம் நொந்த பிள்ளைக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். பட்டப்பெயர் வைப்பது மருந்து ஆகாது.