உப்புத் தண்ணீர் ஊரில் கீசரின் ஆயுள்

முத்துச் சிப்பி தன் உடலுக்குள் அடுக்கடுக்காக உருவாக்கும் முத்தும், தூத்துக்குடி வீடுகளில் கீசரின் காயிலைச் சுற்றி வெள்ளைப் பாறையாக இறுகும் படிவும் வேதியியல் நோக்கில் ஒரே பொருள்தான். இரண்டும் கால்சியம் கார்பனேட். முத்து பெரும்பாலும் அரகோனைட் என்னும் படிக வடிவத்தால் ஆனது. சூடான நீரில் படியும் சுண்ணாம்பிலும் கால்சைட் என்னும் மற்றொரு வடிவத்தோடு அரகோனைட் கலந்து காணப்படுகிறது. சிப்பி அதை நுண்ணிய தகடுகளாக்கிப் புரதத்தால் ஒட்டி அடுக்குகிறது. கீசருக்குள் அந்த ஒழுங்கைத் தருவதற்கு ஓர் உயிர் இல்லை.

மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வீரியம் குறைந்த அமிலமாகி, கிளிஞ்சலும் சுண்ணாம்பும் கலந்த அடுக்குகளை அரித்து, அவற்றைக் கால்சியம் பைகார்பனேட்டாகத் தன்னுள் ஏந்திக்கொள்கிறது. அந்த நீரைச் சூடாக்கும்போது கரியமில வாயு வெளியேறிவிட, பைகார்பனேட் சிதைந்து, எளிதில் கரையாத கார்பனேட்டாகத் திரும்புகிறது. சர்க்கரை வெந்நீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ வெந்நீரில் குறைவாகவே கரையும். ஆகவே நீர் எங்கே மிகுதியாகச் சூடேறுகிறதோ அங்கே, அதாவது காயிலின் மேற்பரப்பிலேயே, படிவு முதலில் பிடிக்கிறது.

தூத்துக்குடியில் எல்லா வீட்டுக் குழாயிலும் ஒரே நீர் வருவதில்லை. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்துவின் முயற்சியால் 1920களில் வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே கொண்டுவரப்பட்ட தாமிரபரணி நீர் இந்த ஊரின் குடிநீர் வரலாற்றையே மாற்றியது. ஆனால் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் பல வீடுகளில் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர்தான். கடற்கரையோர நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைக்கும்போது கடல்நீர் உள்ளே ஊடுருவுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு இருப்பதால், நிலத்தடி நீரில் 2 விழுக்காடு கடல்நீர் கலந்தாலே லிட்டருக்கு 380 மில்லிகிராம் குளோரைடு கூடிவிடும். இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 250 மில்லிகிராம் மட்டுமே. அதே 2 விழுக்காடு கலப்பு, கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மையை நூறு மில்லிகிராமுக்கு மேல் உயர்த்தும். எனவே இந்த ஊரில் கீசரின் ஆயுளைத் தீர்மானிப்பது வாரண்டி அட்டையில் அச்சிட்ட ஆண்டுக்கணக்கைவிட, அதற்குள் செல்லும் நீர் ஆற்று நீரா, போர் நீரா என்பதே.

சுண்ணாம்பு படிந்தால் மின்கட்டணம் பன்மடங்கு ஏறும் என்று பரவலாகச் சொல்லப்படுவதைச் சற்றுத் திருத்திப் புரிந்துகொள்ள வேண்டும். எரிவாயு கீசரில் எரிபொருள் செலவு கூடுவது உண்மைதான், ஏனெனில் நீருக்குள் செல்ல இயலாத வெப்பம் புகையோடு வெளியேறிவிடுகிறது. தொட்டியுள்ள மின்சாரக் கீசரிலோ காயில் நீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால், அதில் பிறக்கும் வெப்பம் தாமதித்தாவது நீரையே சென்றடைகிறது. 15 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த அரை யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் போதும் என்ற கணக்கு படிவினால் பெரிதாக மாறுவதில்லை. இழப்பு காயிலுக்குத்தான். செம்போடு ஒப்பிடும்போது சுண்ணாம்புப் படிவு சுமார் 200இல் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்துவதால், உறைக்குள் சிக்கிய வெப்பத்தில் காயிலின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் அது எரிந்து அறுந்துவிடுகிறது. கீசர் சூடாகும்போது எழும் படபடவென்ற ஒலி, படிவின் இடுக்குகளில் அகப்பட்ட நீர் ஆவியாகி வெடிக்கும் ஒலியாகும். அதைக் கேட்டபின் சுத்தம் செய்வதை ஒத்திப்போடுவதில் பொருளில்லை.

காயிலை மாற்றிவிடலாம், தொட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கீசரையே மாற்ற வேண்டும். எஃகுத் தொட்டியின் உட்புறத்தில் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் அதில் இருந்தே தீரும். அங்கே எஃகைக் காப்பதற்காகவே அனோடு ராடு எனப்படும் மக்னீசியத் தண்டு தொட்டிக்குள் பொருத்தப்படுகிறது. இரண்டு உலோகங்கள் ஒரே நீரில் தொடர்புகொண்டிருந்தால், எலக்ட்ரானை எளிதில் இழப்பது எதுவோ அது கரைந்து மற்றதைக் காக்கும் என்பதே இதன் அடிப்படை. ஹம்ப்ரி டேவி 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்துச் செப்புத் தகடுகளில் இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தி இதனைச் செயல்படுத்திக் காட்டினார். செம்பு அரிப்பிலிருந்து தப்பியது. ஆனால் கரைந்துவந்த செம்பே அதுவரை நஞ்சாகி விரட்டிவந்த கொட்டலசுகள், செம்பு கரையாமற்போனதும் கப்பலின் அடியில் தடையின்றி ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்ததால், கடற்படை அம்முறையைக் கைவிட்டது. எஃகுக் கப்பல்கள் வந்தபின் அதே முறை உலகெங்கும் நிலைபெற்றது. 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடல்நீரில் உலோகங்கள் அரிபடுவதை ஆராயும் மையம் ஒன்றைத் தூத்துக்குடி புதிய துறைமுகப் பகுதியில் நடத்திவருகிறது.

கப்பல்களில் துத்தநாகமும் அலுமினியமும் பயன்படும்போது கீசரில் மக்னீசியம் ஏன் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. நன்னீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாததால், அதனூடே காப்பு மின்னோட்டத்தைச் செலுத்த மக்னீசியத்தின் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. மேலும், ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல், பைகார்பனேட் மிகுந்த நீரில், துத்தநாகம் தன் இயல்பு மாறி எஃகைக் காப்பதற்குப் பதிலாக அரிப்பைத் தூண்டவும் கூடும். உப்பு ஏறிய நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் மக்னீசியத் தண்டும் விரைந்து கரைகிறது. ஆற்று நீரில் சில ஆண்டுகள் தாங்கும் தண்டு போர் நீரில் அதற்கு முன்பே தீர்ந்துபோவது அதனால்தான். பெரும்பாலான வீடுகளில் இத்தகைய தண்டு ஒன்று உள்ளே இருப்பதே தெரிவதில்லை என்பது இந்தக் கருவியின் பெருங்குறை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி வாங்கினால் கவலையில்லை என்பதும் இங்கே பொருந்தாது. குளோரைடு மிகுந்த வெந்நீர் அதன் பாதுகாப்புப் படலத்தை உடைத்து, ஊசித்துளைகளாக, குறிப்பாகப் பற்றவைப்பு ஓரங்களில், அரிக்கும்.

போர் நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பயிற்சி பெற்றவரைக் கொண்டு, மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, நீரை ஆறவிட்டு வடித்து, அடித்தகட்டோடு காயிலையும் அனோடு ராடையும் வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது. தண்டின் நடுவிலுள்ள எஃகுக் கம்பி வெளியே தெரிந்தால் அதை மாற்றியாக வேண்டும். படிவை நீக்க சிட்ரிக் அமிலக் கரைசலோ வினிகரோ போதும். கழிப்பறைக்கு வாங்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதால், படிவோடு உலோகத்தையும் அரித்துவிடும். தெர்மோஸ்டாட்டை 55 முதல் 60 டிகிரிக்குள் வைத்தால் படிவு மட்டுப்படும். மிகவும் தாழ்த்தி வைத்தால் வெதுவெதுப்பான நீரில் பெருகும் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமிக்கு இடம் கிடைக்கும். அழுத்தம் மிகும்போது நீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்விலும் சுண்ணாம்பு அடைத்துக்கொள்வதுண்டு. அது இறுகிய நிலையில் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தொட்டியே வெடிக்கக்கூடும் என்பதால், அதன் நெம்புகோலையும் அப்போதே அசைத்துப் பார்க்க வேண்டும். குழாயின்மேல் கட்டும் காந்தக் கருவிகளோ ஆய்வுகளில் சீரான பயனைக் காட்டவில்லை. அயனிப் பரிமாற்ற முறையில் நீரை மென்மையாக்கும் கருவிகள் படிவைத் தடுப்பது உண்மைதான், ஆனால் அவை குளோரைடைக் குறைப்பதில்லை. அனோடு ராடும் அந்த நீரில் விரைந்து கரையும்.

மேல்நிலைத் தொட்டி நீரே வெயிலில் சுடும் ஊரில் கீசர் ஆண்டின் பெரும்பகுதி ஓய்ந்தே கிடக்கிறது. அவ்வாறு கிடக்கும் தொட்டியில் மக்னீசியம் நீரோடு வினைபுரிந்துகொண்டே இருப்பதால், எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு மேற்புறத்தில் சேரக்கூடும். ஆகவே மழைக்காலத்தில் முதன்முறை கீசரைப் போடுவதற்கு முன், அருகில் நெருப்பின்றி, சன்னலைத் திறந்துவைத்து, வெந்நீர்க் குழாயைச் சில நிமிடங்கள் திறந்துவிட்டு, காற்று சீறுவது நின்று நீர் சீராக விழுந்தபின், அதாவது காயில் முழுவதும் நீரில் மூழ்கியிருப்பது உறுதியான பின்பே, சுவிட்சைப் போட வேண்டும்.